பூமிச் சூட்டில் எரிந்த பல்பு

இனி சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யென்றாலும் சொன்ன வாய் வெந்து போகட்டும். சத்தியம் செய்தாயிற்று, நம்பாவிட்டால் பாவம் உங்களுக்கு.

பூமியின் வயிற்றுச் சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்கும் நிலையம் அது. திறப்பு விழாவன்று ஒரு பல்பாவது எரியாவிட்டால் தலைமைப் பொறியாளரின் நாற்காலி, அவர் மனைவியின் தம்பியான துணைப் பொறியாளருக்குப் போய்விடும் என்று மேலிடம் சொல்லிவிட்டது.

கீழே சூட்டுக்குக் குறைவில்லை. துளைக்கப் போன எஃகு முனை வெல்லப்பாகாய் வளைந்து மேலே வந்தது. ஆறும் முன் தொழிலாளர்கள் அதில் சட்டைகளை இஸ்திரி போட்டுக்கொண்டார்கள்.

முறையும் எளிதுதான். ஒரு கிணற்றில் இறக்கும் தண்ணீர் சூடான பாறைகளின் வெடிப்புகளுக்குள் அலைந்து திரிந்து, தொலைவிலுள்ள இன்னொரு கிணற்றில் ஆவியாக ஏற வேண்டும். பொறியாளரோ இரண்டையும் கைகுலுக்கும் தூரத்தில் தோண்ட வைத்திருந்தார். ஒரே புகைப்படத்தில் இரண்டும் விழ வேண்டுமாம். இறங்கிய தண்ணீர் பாறையை எட்டிப் பார்த்துவிட்டு, அலுங்காமல் அடுத்த கிணற்றில் ஏறி வந்தது.

“மாமா, இதுல முட்டைகூட வேகாதே!” என்றான் மச்சான்.

“குழந்தையக் குளிப்பாட்டலாமில்ல?”

“தள்ளி இன்னொண்ணு தோண்டலாமே?”

“அங்க பாறையில வெடிப்பு இருக்கும்னு எவன்டா உத்தரவாதம் தருவான்? நாற்காலி மேல கண்ண வச்சுக்கிட்டு தண்ணியப் பத்திப் பேசாத.”

மச்சான் சிரித்தபடியே மாமாவின் நாற்காலியைத் தன் உயரத்துக்குத் திருகி வைத்துவிட்டுப் போனான்.

அந்தத் திருகல்தான் பொறியாளருக்குப் புத்தியைக் கொடுத்தது. ஏறும் குழாய்க்குள் பெரிய பெரிய மின்சார ஹீட்டர்களை இறக்கினார். விழா மாலையில் சுவிட்சைத் தட்டியதும் ஊர் முழுக்க விளக்குகள் அணைந்தன. ஆவி சீறியது, சக்கரம் சுழன்றது, மேடையில் ஒரு பல்பு எரிந்தது.

“பாருங்க! ஊரே இருட்டாக் கிடக்கு, இங்க மட்டும் வெளிச்சம்!” என்று அமைச்சர் நெகிழ்ந்தார்.

“மாமா, ஊர்க் கரண்டையெல்லாம் குடிச்சிட்டு ஒத்தப் பல்பா?” என்று மச்சான் காதைக் கடித்தான்.

அதற்குள் அமைச்சர் இரண்டாவது நிலையத்தையும் அறிவித்து, அதற்கு மச்சானையே தலைவராக்கிவிட்டார். அவனுடைய அறிவியல் சந்தேகங்களெல்லாம் அந்தக் கணமே தீர்ந்துபோயின. பொறியாளர் தன் நாற்காலியில் நிம்மதியாகச் சாய்ந்தார்.

அந்த முதல் நிலையத்துக்கே இன்றுவரை இடம்கூடப் பார்க்கவில்லை என்பதால், சத்தியம் செய்த வாய்தான் இப்போது லேசாக வேகிறது.