துடைத்தெறிந்த புள்ளிகள்

1
இந்தக் கதை என் தங்கையிடமிருந்து சுட்டது. ஒரு ஞாயிறன்று வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல், "அது அழுக்கு இல்லக்கா" என்றாள். சொன்ன உடனே அவள் கண் கலங்கிவிட்டது. அவளுக்குத் தண்ணீர் கொடுப்பதற்கு முன்பே, என் புத்தி பேனாவைத் தேடியது.

முதல் தொடக்கம்: 'உயிரின் ஆழத்தில் ஒரு ரகசியக் குரல்...' (வேண்டாம். படித்தால் சிரிப்பாள்.)

2
நடந்ததையே சொல்கிறேன். அவள் ஆராய்ச்சிக்கூடத்தில் செல்கள் பிரிவதைப் படமெடுப்பவள். செல் இரண்டாகும்போது குரோமோசோம்கள் சமமாகப் பிரிய வேண்டும். ஒவ்வொன்றிலும் இடுப்புபோல் ஒடுங்கிய ஓர் இடம் உண்டு: சென்ட்ரோமியர். செல்லின் இரு பக்கமிருந்தும் வரும் இழைகள் அங்கே பிடித்துத்தான் இழுக்கும்.

அந்த இடுப்பு ஊமை, அங்கே டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ. நகலாவதில்லை என்று நான்கு வருடம் முன்பு கட்டுரை எழுதினாள். படங்களில் மினுங்கிய மங்கல் புள்ளிகளை அழுக்கென்று துடைத்துவிட்டாள். கட்டுரைக்கு நல்ல பெயர். அதை வைத்தே வேலையும் கிடைத்தது.

இந்த வருடம் சந்தேகம் வந்து, பதப்படுத்தி வைத்திருந்த பழைய செல்களில் ஆர்.என்.ஏ.வை மட்டும் வெட்டும் நொதியை விட்டாள். புள்ளிகள் மறைந்தன. அழுக்கு என்றால் அப்படியே இருந்திருக்கும். பிறகு, உயிருள்ள செல்களில் அந்த இடத்து ஆர்.என்.ஏ.வைக் குறிவைத்து அழித்தாள். மற்ற எல்லாக் குரோமோசோம்களும் நகர்ந்தன. ஒன்று மட்டும் எந்தப் பக்கமும் போகாமல் நடுவில் திகைத்து நின்றது. அந்த இடுப்பு ஊமையில்லை.

3
அந்தக் கட்டுரையை அவளோடு சேர்ந்து எழுதியவர் பக்கத்து மேசைக்காரர். "புதுசா ஒண்ணு எழுதும்மா. பழசைக் கிளறாதே. யாருக்குத் தெரியப்போகுது?"

"துடைச்சது நான் சார். எனக்குத் தெரியுமே."

(அவரை வில்லனாக்கி அரைப்பக்கம் எழுதினேன். தங்கை விடவில்லை. "பாவம்க்கா, அவர் பேரும்தானே கெடும்? பயந்துட்டார், அவ்வளவுதான்.")

4
கோடு போட்டு அடித்த பகுதி: இரண்டு வருடம் முன்பு அவளுக்குக் கரு கலைந்தது. கருவில் குரோமோசோம் ஒன்று அதிகம் என்றார் மருத்துவர். ஆகவே, அவள் நுண்ணோக்கியில் கண்டது...

வரைவைப் படித்தவள் தாளை என் பக்கம் தள்ளினாள்.

"இதை அதோட முடிச்சுப் போடாதேக்கா. ஏன் அப்படி ஆச்சுன்னு யாருக்குமே தெரியாது. கதைக்குத் தோதா இருக்குன்னு என் பிள்ளையை எடுத்துக்காதே."

வெட்கமாக இருந்தது. நீக்கவா என்று கேட்டேன். "நான் சொன்னதையும் சேர்த்துப் போடறதா இருந்தா போடு" என்றாள். போட்டிருக்கிறேன்.

5
'எங்கள் முடிவு தவறு' என்று, கட்டுரை வெளியான இதழுக்குத் தானே கடிதம் எழுதினாள். பணி நீட்டிப்புக்கு ஒரு மாதமே இருந்தது. பக்கத்து மேசைக்காரர் கடிதத்தை மூன்று முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"என் பேரையும் போட்டே அனுப்பு."

6
நீட்டிப்பைத் தீர்மானிக்கும் கூட்டம் இந்த நேரத்தில் நடந்துகொண்டிருக்கிறது. காலையில் கேட்டேன்: "பயமா இருக்காடி?"

"இருக்கு. ஆனா என்ன ஆனாலும் மத்தியானம் செல்லுக்குத் திரவம் மாத்தணும். விட்டா செத்துடும்."

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் கைதட்டல், மற்றதில் அட்டைப்பெட்டியோடு படியிறங்குகிறாள். இரண்டையும் கிழித்துவிட்டேன். கதவு திறந்து அவள் வரும்போது முகம் எப்படி இருக்கும் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்றே ஒன்று: 'கடிதத்தை அனுப்பாமலே இருந்திருக்கலாம்' என்று மட்டும் அவளைச் சொல்ல வைக்காதீர்கள். அவள் சொல்ல மாட்டாள்.