சாப்பாட்டு மேசையில் டகோட்டா

எட்டு மாசமாக யமுனா வீட்டில் எல்லாரும் தரையில்தான் சாப்பிட்டார்கள். சாப்பாட்டு மேசை அவள் புருஷன் வீரமலைக்கு விமானமாகிவிட்டது. பேங்க் வேலையிலிருந்து ரிட்டயர் ஆன மனுஷன் கோயில் குளம்னு போவார் என்று பார்த்தால், மூணு ஸ்கிரீன் வாங்கி, மேசை விளிம்பில் ஸ்டியரிங் மாதிரி ஒரு கைப்பிடியை ஸ்க்ரூ போட்டு முடுக்கி, அந்தக் காலத்து டகோட்டா விமானம் ஓட்டிக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டரில்தான். அதற்கு ஒரு கிளப், கிளப்புக்கு ஒரு பரீட்சை வேறு.

"பாஸ் பண்ணிட்டா எல்லாத்தையும் மாடிக்குத் தூக்கிடறேன். அதுவரைக்கும் மேசையை அசைக்கக் கூடாது" என்றிருந்தார்.

ரெண்டு தடவை ஃபெயில். வெள்ளிக்கிழமை சம்பந்தி வீட்டார் முதல் முறையாகச் சாப்பிட வருகிறார்கள். சம்பந்தியம்மாவுக்கு முட்டி மடங்காது, தரையில் உட்கார முடியாது. அதனால் புதன்கிழமை நடந்த மூணாவது பரீட்சையில் யமுனாவே துணை பைலட்டாக உட்கார்ந்தாள். டகோட்டாவுக்கு ரெண்டு பேர் வேண்டுமாம்.

ஃபெயில் ஆன காரணம் அவளுக்குத் தெரியும். பரீட்சை வைக்கிற ஜோஸ் சென்னையிலிருந்து திருச்சி ஏர்போர்ட் வரை நேர்க்கோட்டுக்கு மட்டும் அளந்து பெட்ரோல் விடுவார். அந்தக் கோடு ஸ்ரீரங்கம் கோயிலுக்கு நேர் மேலே போகிறது. ரெண்டு தடவையும் இவர் கோயிலைக் கண்டதும் ஒதுங்கி, வலப்பக்கமாக ஒரு பிரதட்சணம் வந்து, பெட்ரோல் தீர்ந்து காவேரியில் விழுந்தார்.

"ஏங்க, இந்தத் தடவை நேரா போவீங்கல்ல?"

"போறேம்மா, போறேன்."

கொள்ளிடம் தெரிந்தது. ராஜகோபுரம் ஸ்கிரீனில் குட்டியாக எழும்பியது. வீரமலை நெளிய ஆரம்பித்தார்.

"யமுனா, பெருமாள் தலைக்கு மேலயா..."

"ஐயோ கடவுளே! அது பொம்மைங்க! பெருமாள் அங்க நிஜக் கோயில்ல நிம்மதியா படுத்திருக்காரு. கரண்ட் போனா இந்தக் கோபுரமே இருக்காது!"

"என்னால முடியாது. வேணும்னா நீயே ஓட்டு" என்று கைப்பிடியை விட்டுவிட்டுக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

யமுனாவுக்கு வந்ததே கோபம்! ஒரு சாப்பாட்டு மேசைக்காக ஒரு பொம்பளை எவ்வளவுதான் மாரடிப்பாள்? "தள்ளுங்க, பாவம் வந்தா எனக்கே வரட்டும்" என்று கைப்பிடியைப் பிடித்தாள்.

கோபுரம் பெரிசாகிக்கொண்டே வந்தது. அதற்கு முன்னால் கருவறை மேலிருக்கும் தங்க விமானம் ஒரு புள்ளியாக மின்னியது. ஸ்ரீரங்கம் உத்தரவீதியில் பிறந்து வளர்ந்தவள் அவள். காய் வாங்கப் போனாலும் அந்தப் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போடாமல் போனதில்லை. நேரா போ, நேரா போ என்று வாய் சொல்லிக்கொண்டே இருந்தது. கை கேட்கவில்லை. டகோட்டா மெல்ல ஒதுங்கி, கோயிலை வலப்பக்கம் வைத்து, வட்டம் அடிக்க ஆரம்பித்தது.

"மேடம், எங்க போறீங்க?" என்று ஹெட்போனில் ஜோஸ் கத்தினார்.

வட்டம் முடிந்தபோது ஒரு இன்ஜின் நின்றது. மலைக்கோட்டையை எட்டும் முன்பே இன்னொன்றும். காவேரி மணலில் போய்ப் படுத்தது விமானம்.

வீரமலை கண்ணைத் திறந்து பார்த்தார். ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார். அவர் திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும்.

வெள்ளிக்கிழமை சம்பந்தியம்மாவைப் பைலட் சீட்டில்தான் உட்கார வைக்க முடிந்தது. கைப்பிடிக்கும் ஸ்கிரீனுக்கும் நடுவே தட்டு. மற்றவர்களுக்குத் தரையில் இலை. அந்தம்மா சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டார்:

"பரீட்சையில ஃபெயிலாமே? யாரு ஓட்டினது?"

யமுனாவின் கையில் ரசக் கரண்டி அப்படியே நின்றது.

"நான்தாங்க" என்றார் வீரமலை, இலையிலிருந்து தலையைத் தூக்காமல்.

இந்த மனுஷனோடு நிம்மதியாக ஒரு சண்டை போடக்கூட முடியாது. யமுனா அவர் இலையில் கேட்காமலே இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள்.