ரெண்டு கோடு

நீச்சல் குளத்தின் ஆழமான பக்கத்தில் ஒன்பது பெண்கள் இறங்கிச் சேறு அள்ளிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு வருஷத்துச் சேறு. மேலே காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தாலும், மண்வெட்டியை ஒரு சாண் இறக்கினால் உள்ளே கருப்பாகக் கொழகொழவென்று இருந்தது. நாற்றம் குடலைப் பிடுங்கியது. சேற்றுக்கு அடியில் நீல ஓடுகள் பதித்த தரை. அதைப் பெயர்க்க வேண்டாம், மேலேயே கல்லும் மண்ணும் கொட்டிக் குழியை மூடிவிடலாம் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். பாழாய்க் கிடந்த பொழுதுபோக்கு இடம் ஊருக்குப் பொதுப் பூங்காவாகப் போகிறது என்று வாசலில் பெரிய தட்டி வைத்திருந்தார்கள். தட்டியில் ஒரு குடும்பம் கசங்காத துணியில் புல்தரைமேல் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தது.

சேறு அள்ளியவர்களில் ஒருத்தியை எல்லோரும் டிக்கெட்டக்கா என்று கூப்பிட்டார்கள். குளத்தில் தண்ணீர் நின்ற காலத்தில் வாசலறையில் உட்கார்ந்து சீட்டுக் கிழித்தவள் அவள். அவளுடைய புருஷன் மருந்துக்காரர். வைத்தியர் இல்லை, குளத்துத் தண்ணீருக்குப் பிளீச்சிங் பவுடர் போடுகிற வேலை. மூக்கில் ஒரு துணிகூடக் கட்டாமல் பதினாறு வருஷம் கொட்டினார். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. அவர் நெஞ்சுதான் போய்விட்டது.

குளத்தை மூடிய அன்றைக்கு முதலாளி, "இடத்தைப் பார்த்துக்கங்க, ரெண்டு மாசத்துல வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். இன்றுவரை வந்துகொண்டே இருக்கிறார். அவர்கள் இருவரும் சீட்டறையிலேயே தங்கிவிட்டார்கள். எட்டடிக்குப் பத்தடி. சீட்டு நீட்டுவதற்கு அரைவட்டமாக ஓட்டை போட்ட ஒரு ஜன்னல். மழைக்கு ஒரு மூலையில் மட்டும் ஒழுகும். ஆனால் வாசலுக்குப் படி கிடையாது, சுவரிலேயே குழாய் இருந்தது. அதுதான் முக்கியம். மருந்துக்காரரால் நாலு படி ஏற முடியாது. போன வருஷம் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு வாடகை அறை பார்க்க அவரைக் கூட்டிப்போனாள். எங்கே கேட்டாலும் கீழ்த்தளம் கடைக்கு, மேலே மூணாம் மாடியில் இருக்கிறது என்றார்கள். முதல் மாடித் திருப்பத்திலேயே அவருக்கு உதடு நீலம் பாய்ந்துவிட்டது. கடைக்காரர்கள் இரண்டு பேர் தூக்கிவந்து கீழே இறக்கினார்கள். அதற்குப் பிறகு அவள் வேறு அறை தேடவில்லை. இந்த அறை இருக்கிறவரைக்கும் இந்த மனுஷன் இருப்பார் என்று அவளுக்கு முடிவாகத் தெரிந்துபோயிற்று.

பூங்கா வேலைக்கு ஆள் எடுத்தபோது அவள்தான் முதலில் போய்ப் பெயர் கொடுத்தாள். வேலைக்காரியாக உள்ளே இருந்தால் சட்டென்று வெளியே போ என்று சொல்லமாட்டார்கள் என்று ஒரு கணக்கு.

வேலை தொடங்கிய நாலாம் நாள் மத்தியானம், அவருக்கு மாத்திரை கொடுக்க அறைக்கு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். ஜன்னலுக்குக் கீழே, வெளிச்சுவரில், மஞ்சள் பெயிண்டில் இரண்டு கோடுகள். முழங்கை நீளத்துக்கு, செங்குத்தாக, பக்கத்தில் பக்கத்தில். ஒன்றின் நுனியில் பெயிண்ட் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"யாருங்க இது போட்டது?"

"தொப்பி வெச்ச... ஒருத்தன். கையில டேப்பு." மருந்துக்காரர் கட்டிலில் முன்பக்கம் குனிந்து உட்கார்ந்திருந்தார். "எதுக்குப்பான்னு கேக்கலாம்னு... மூச்சை இழுத்தேன். அதுக்குள்ள போயிட்டான்."

கோடு என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கல்யாணமான புதிதில் அவர்கள் இருந்த தெருவில் சாலையை அகலப்படுத்த வந்தார்கள். முதலில் பெயிண்ட் டப்பாவோடு ஒருவன் வந்தான். ஒரு கோடு போட்டால் பாதி வீடு போகும், ரெண்டு கோடு போட்டால் முழு வீடும் போகும். அவர்கள் வீட்டுக்கு ரெண்டு. மூன்றாம் நாள் சமையல் செய்த இடத்தில் வெயில் அடித்தது.

"மேஸ்திரியைத்தான்... ஒரு வார்த்தை கேளேன்."

"கேட்டா? ‘அட, இங்க ஒரு குடும்பம் வேற குந்தியிருக்கா'ன்னு இன்னிக்கே கிளப்பிடுவாங்க. தூங்கற நாயை யாராவது தட்டி எழுப்புவாங்களா?"

அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ஏதோ திருட்டு வேலைக்குத் திட்டம் போடுகிறவரைப் போலக் குரலைத் தாழ்த்தி, "அழிச்சுட்டா?" என்றார்.

அழித்தார். அவரேதான் அழித்தார். அவள் குழிக்குள் சேறு அள்ளிய இரண்டு நாளும், சுவரோரம் ஒரு டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, உடைந்த ஓட்டுச்சில்லால் சுரண்டினார். பத்துச் சுரண்டல், பிறகு ஓய்வு. மறுபடி பத்து. இரண்டாம் நாள் சாயங்காலம் அவள் வந்தபோது கோடு இருந்த இடம் வெள்ளையாகப் பொரிந்து கிடந்தது. அவருடைய புருவத்தில் மஞ்சள் தூள்.

"சும்மா உக்காந்து திங்கறவன்னுதானே... நினைச்சே?" என்றார்.

"ஐயோ, ராசா! உங்களைப் போய் அப்படி நினைப்பேனா?" என்று அவள் அவருடைய புருவத்தைத் துடைத்துவிட்டாள். சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது, உடனே இருமலாக மாறியது. அவர் ஒரு வேலையைச் செய்து முடித்து எத்தனை வருஷமாயிற்று! படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே தூங்கினாலும் முகம் என்னவோ தெளிவாக இருந்தது.

அந்த வாரமே மரங்களிலும் மஞ்சளில் நம்பர் எழுதினார்கள். ஐயோ பாவம், மரத்தையும் விடமாட்டான்கள் போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். அடுத்த நாள் அதிகாரிகள் ஐந்து பேர் காகிதக் கட்டோடு வந்தார்கள். குழிக்குள்ளிருந்து தலையைத் தூக்கி அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். சீட்டறைக்கு முன்னால் நின்றார்கள். காகிதத்தைப் பார்த்தார்கள், சுவரைப் பார்த்தார்கள், மறுபடி காகிதத்தைப் பார்த்தார்கள். ஒருவர் தள்ளியிருந்த பழைய மோட்டார் ரூமைக் காட்டினார். இன்னொருவர் எதையோ அடித்து எதையோ எழுதினார். தொப்பிக்காரன் ஓடிப்போய் மோட்டார் ரூம் சுவரில் பெயிண்ட் அடித்தான். அவர்கள் போன பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

"தப்பிச்சோம்டி" என்று பக்கத்தில் நின்றவளின் கையைப் பிடித்தாள். பக்கத்தில் நின்றவள் ரேடியோ. வாயை மூடமாட்டாள் என்பதால் அந்தப் பெயர். "எதுலேருந்து?" என்று ரேடியோ கேட்டபோது டிக்கெட்டக்கா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அடுத்த பக்கம் போய்விட்டாள்.

நான்கு நாள் கழித்து, குழியில் கொட்டுவதற்குக் கல் ஏற்றிய லாரி உள்ளே திரும்பும்போது மேஸ்திரி கத்தினார். "டேய், அந்த மரத்துக்கிட்ட ஓட்டாதே! நம்பர் இருக்கு, கண்ணு தெரியலை? நம்பர் போட்டது ஒண்ணு சாஞ்சாலும் என் தலையை எடுத்துடுவாங்க."

"நம்பர் போட்டது வெட்டறதுக்குத்தானே மேஸ்திரி?" என்றாள் டிக்கெட்டக்கா.

"நல்லா சொன்னே போ! மஞ்சள் நம்பர்னா நிக்கும். வெறுமனே இருக்கிறதுதான் போகும். மரமும் அப்படித்தான், கட்டடமும் அப்படித்தான்."

"அப்ப ரெண்டு கோடு போட்டா?"

"கோடா? கோடெல்லாம் யாரு போடறா? நம்பர்தான். ஒம்பது, பத்து, பதினொண்ணு..." என்று மேஸ்திரி காற்றில் விரலால் எழுதிக் காட்டினார். பதினொன்றுக்கு விரல் இரண்டு தரம் மேலிருந்து கீழே இறங்கியது. "உன் ரூமுக்குக்கூட அதானே போட்டாங்க? தோட்டத்துச் சாமான் வைக்கிற ரூமாம். அங்க இருக்கிறவங்களே காவலுக்கு இருந்துட்டுப் போகட்டும்னு நான்தான் சூப்பர்வைசர் காதுல போட்டு வெச்சேன். ஏன், என்ன ஆச்சு? ஏன் உக்காந்துட்டே?"

ஒரு நாளைக்கு முந்நூறு சீட்டு எண்ணிக் கிழித்தவள். எழுத்து தடுமாறினாலும் நம்பர் தடுமாறாதவள். தன் வீட்டுச் சுவரில் எழுதியிருந்த பதினொன்று அவளுக்குத் தெரியவில்லை. சேற்றில் உட்கார்ந்து வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டாள். "என் தலையில நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டேனே! அந்த மனுஷனை வேற சுரண்ட விட்டேனே!"

விஷயம் புரிந்ததும் மேஸ்திரி நெற்றியில் அடித்துக்கொண்டார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "மறுபடி எழுதிடு, வேற வழியில்லை. நான் பார்க்கலை" என்றார். சாமான் கொட்டகையிலிருந்து அடியில் கொஞ்சம் பெயிண்ட் தங்கிய ஒரு டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தது ரேடியோ. அன்று சாயங்காலம் டிக்கெட்டக்கா அதே இடத்தில் இரண்டு கோடு இழுத்தாள். ஒன்று கொஞ்சம் சாய்ந்துவிட்டது. மருந்துக்காரர் அழித்த கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார்.

மறுநாள் காலை இடிக்கிற இயந்திரம் வந்தது. அதன் முன்னால் சூப்பர்வைசர் நடந்து வந்தார். சின்ன வயசு. மரியாதையாகத்தான் பேசுவார். சுவரைப் பார்த்து நின்று, பெயிண்டில் விரலை வைத்து எடுத்து, விரலைப் பார்த்தார்.

"இது என்னக்கா?"

"பதினொண்ணு சார்."

"பதினொண்ணு அங்க இருக்கே" என்று மோட்டார் ரூமைக் காட்டினார்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பழைய தெரு, ஒரு கோடு, ரெண்டு கோடு, ஓட்டுச்சில்லு எல்லாம். மேஸ்திரியும், "ஆமா சார், முதல்ல இதுக்குத்தான் போட்டாங்க, நான் பார்த்தேன்" என்றார். சூப்பர்வைசர் கடைசிவரை கேட்டார். காகிதத்தைப் பிரித்துக் காட்டினார். சீட்டறை என்று எழுதியிருந்ததன் மேல் சிவப்பில் ஒரு அடிப்பு. பக்கத்தில் மோட்டார் ரூம். கீழே ஐந்து கையெழுத்து.

"நீங்க பொய் சொல்றீங்கன்னு நான் சொல்லலைக்கா. பேப்பர்ல இல்லாதது இங்க நின்னா, என் வேலை நிக்காது."

"அந்த ரூமுக்குக் கூரையே இல்லையே சார்! இது நல்லா இருக்கு, வந்து பாருங்க, உள்ளே குழாய்கூட..." அவள் அவருடைய சட்டைக் கையைப் பிடித்துவிட்டு, சேற்றுக்கை என்று நினைவு வந்ததும் கையை எடுத்தாள். "படியில்லாத இடம் சார். அவரால ஏற முடியாது. ஒரு போன் போட்டுக் கேளுங்க, உங்க காலைப் பிடிக்கிறேன்."

அவர் கேட்டார். அதைச் சொல்ல வேண்டும். சற்றுத் தள்ளிப்போய்ப் போனில் பேசினார். இயந்திரம் உறுமிக்கொண்டிருந்ததால் எதிர்ப்பக்கத்தில் மேலதிகாரி கத்திப் பேசியது இங்கேயே கேட்டது. "குழிக்குக் கல்லு பத்தலை, பத்தலைங்கறே. பக்கத்துலயே இருக்கிறதைத் தள்ளி உள்ளே கொட்டறதை விட்டுட்டு என்கிட்ட என்ன கேக்கறே?"

"சரி சார்" என்றார் சூப்பர்வைசர். திரும்பி வந்தபோது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"சார், அந்த மோட்டார் ரூமிலயாவது இருந்துக்கறோம். மேல தகரம் போட்டுக்கறோம்."

"அது நம்பர் போட்ட கட்டடம்க்கா. அதுக்குள்ள யாரும் இருக்கக்கூடாது."

சாமானை எடுக்க ஒரு மணி நேரம் கொடுத்தார்கள். ஒன்பது பெண்களும் சேர்ந்து கால் மணியில் எடுத்துவிட்டார்கள். அவ்வளவுதான் இருந்தது. மருந்துக்காரரை மேஸ்திரியும் லாரிக்காரரும் கையைக் கோத்துத் தூக்கிக்கொண்டுபோய் ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் உட்கார வைத்தார்கள். கட்டிலின் கால் கழன்றுவிட்டதால் தரையில்தான் வைக்க முடிந்தது. இயந்திரம் மூன்று தள்ளுத் தள்ளியது. நாலாவது தேவைப்படவில்லை.

புழுதி அடங்குமுன் மேஸ்திரி ஆள் கணக்கு எடுத்தார். டிக்கெட்டக்காவிடம் வந்ததும், "நீ வேணா இன்னிக்குப் போ" என்றார்.

"எங்க போறது?" என்று கேட்டாள். அவள் கூடையை எடுத்துக்கொண்டாள்.

இடிந்த செங்கல்லைக் கூடையில் அள்ளி, தலையில் ஏற்றி, குழியின் விளிம்பில் போய்க் கொட்ட வேண்டும். ஐம்பது அடி நடை. வழியில்தான் அந்த மரம். போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை அவள் அவரைப் பார்த்தாள். அடிமரத்தில் முதுகையும் தலையையும் சாய்த்து, வாயைத் திறந்து, மூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார். சாய்ந்து உட்கார்ந்தால் அவருக்குத் தாங்கும். ரேடியோ ஒரு வார்த்தை பேசாமல் அவள் பின்னாலேயே நடந்தாள்.

ஆறாவது கூடையோடு அவள் வரும்போது தொப்பிக்காரன் டேப்பைச் சுருட்டியபடி மரத்தடியில் நின்றிருந்தான்.

"பெரியவரே, மரத்துல சாயாதீங்க. உங்க முதுகு உரசி நம்பர் அழியுது பாருங்க. அப்புறம் நான்தான் பதில் சொல்லணும்."

மருந்துக்காரர் திரும்பி மரத்தைப் பார்த்தார். அங்கே இருபத்து மூன்று என்று எழுதியிருந்தது. அவர் மெல்ல நகர்ந்து முன்னால் வந்து, இரண்டு உள்ளங்கைகளையும் தரையில் ஊன்றி, உடம்பைத் தானே தாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்.