பாஸ்டரின் தொண்ணூற்று நாலு

அமெரிக்காவின் வடக்கே, எங்கள் நார்ட்விக் ஊரில் காபி வேண்டுமென்றால் இரண்டு முறை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மூன்றாவது முறை கேட்கும்போது, "சரி, நீங்க வருத்தப்படக் கூடாதேன்னு அரைக் கப்" என்று ஆரம்பித்து மூன்று கப் குடிக்கலாம். தட்டில் கடைசியாக இருக்கும் துண்டை மட்டும் யாரும் எடுக்க மாட்டோம். 1974-ல் லூத்தரன் சபை விருந்தில் மீந்த கடைசிக் கேக் துண்டை, ஆளாளுக்கு இருப்பதில் பாதி மட்டும் வெட்டி எடுத்து அடுத்த பனிக்காலம் வரை ஓட்டினோம். அதில் ஒரு துணுக்கு இன்னும் இருக்கிறது. மூடி போட்டு வைத்திருக்கிறோம்.

பக்கத்து வீட்டுக்காரனைவிட நமக்குப் பலம் அதிகம் என்று நாலு பேர் முன்னால் காட்டிக்கொள்வதும் கிடையாது. வெர்டெல் ஸ்கார் ஒருமுறை டிராக்டரின் பின்பக்கத்தை ஒரு கையால் தூக்கி, அடியில் விழுந்த தன் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டான். யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் பார்த்துவிட்டு வண்டியிடம் மன்னிப்புக் கேட்டான். நான் வேலிக்குப் பின்னால் இருந்ததால் எனக்குத் தெரியும்.

இப்படிப்பட்ட ஊர், வருஷா வருஷம் ஜூலையில் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் செயிண்ட் வென்ட்லின்காரர்களோடு ஆற்றின் குறுக்கே கயிறு இழுக்கும். பக்கத்துக்கு எட்டுப் பேர். ஜெயித்த ஊருக்கு மீன். இருபத்திரண்டு அடி ஃபைபர் கிளாஸ் மீன். மார்லிஸின் கணவர் கெய்லர்ட் தன் கையால் செய்து, கண்ணுக்கு இரண்டு லாரி விளக்கு வைத்தது. முதல் வருஷமே தோற்றோம், அப்புறமும் ஜெயித்ததில்லை. அவர்கள் அதை ஒரு டிரெய்லரில் ஏற்றி, வால் எங்கள் பக்கம் தெரிகிற மாதிரி நிறுத்தினார்கள். கெய்லர்டும் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆற்றங்கரையில் காபிக் கடை நடத்தும் மார்லிஸ், பத்தொன்பது வருஷமாகத் தினம் காலையில் ஜன்னலைத் திறந்து ஒரு வாலில்தான் முழித்தாள். அவளுக்கு அந்த மீன் வேண்டியிருந்தது. வாய்விட்டுக் கேட்டது இல்லை, அவ்வளவுதான்.

இருபதாவது வருஷம் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்திருந்த ஃபுட்பால் கோச் டிராவிஸ், "ஆளை நான் பொறுக்குறேன்" என்றார். டெக்சாஸ்காரர். "கண்ணால இல்ல. நம்பரால!"

சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு மின்னணுப் பெட்டியைக் கொண்டுவந்து, பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்து இரும்புத் தூணில் மாட்டினார். பெட்டியிலிருந்து ஒரு கம்பிக் கயிறு, அதன் முனையில் இடுப்புப் பட்டை. பட்டையைக் கட்டிக்கொண்டு பின்னால் இழுத்தால், எத்தனை பவுண்டு விசை, எவ்வளவு வேகம் என்று கையடக்கத் திரையில் சிவப்பாக வரும்.

"யார் மொதல்ல?"

மரியாதைக்குப் பாஸ்டர் லண்ட்பெர்கை முன்னால் விட்டோம். அங்கேதான் தப்பு. பாஸ்டருக்கு எழுபத்தொரு வயது, ஒரு முழங்கால் வேறு மக்கர். முக்கி இழுத்தார். தொண்ணூற்று நாலு.

அடுத்து வந்தவன் தொண்ணூற்று மூன்று. அதற்கடுத்தவன் தொண்ணூற்று நாலு; வந்ததும் பதறி, "தப்பா நெனைக்காதீங்க பாஸ்டர், கால் வழுக்கிருச்சு" என்றான். இருபத்தாறு பேர் இழுத்தோம். ஒருத்தரும் தொண்ணூற்று நாலைத் தாண்டவில்லை. வெர்டெல் சுண்டுவிரலால் மூக்கைச் சொறிந்தபடி தொண்ணூற்று மூன்று இழுத்தான்.

"யோவ், நீ என்ன, வீட்டுக் கதவைக்கூட பொண்டாட்டிதான் தெறக்குறாளா?" என்றார் கோச்.

"தோள்பட்ட கொஞ்சம் சரியில்ல கோச்."

கோச்சுக்குப் பெட்டி மேல் சந்தேகம் வந்தது. நூறு பவுண்டு தீவன மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டார். சரியாக நூறு. தானே இழுத்தார். முந்நூற்றுப் பத்து! "பாத்தீங்களா?" என்று கையைத் தூக்கினார். நாங்கள் எல்லோரும் தரையைப் பார்த்தோம்.

"பாவம், வளர்ப்பு அப்படி" என்று வெர்டெல் என் காதில் சொன்னான்.

நம்பர் ஒன்றும் உதவவில்லை என்று கோச் தலையில் கை வைத்து உட்கார்ந்தபோது, மார்லிஸ் காபியும், ரூபார்ப் என்ற புளிப்புத் தண்டு போட்ட கேக்கும் கொண்டுவந்தாள். எல்லோரும் தின்றோம். தட்டில் ஒரே ஒரு துண்டு மிச்சம். வெர்டெல் இன்னும் பட்டையை அவிழ்க்கவில்லை. மார்லிஸ் தட்டை அவன் முன்னால் நீட்டினாள்.

"ஒண்ணுதான் இருக்கு. எடுத்துக்கோ வெர்டெல்."

"ஐயோ, வேண்டாம் மார்லிஸ்" என்று அவன் ஓரடி பின்வாங்கினான். பெட்டி கீச்சென்றது. நானூற்றுப் பன்னிரண்டு.

கோச் எழுந்தார். "அக்கா, இன்னொரு தடவ கேளுங்க!"

"பாதியாவது எடுத்துக்கோயேன்."

"வயிறு நெறஞ்சுருச்சு! சத்தியமா!"

எழுநூற்று முப்பது. தூண் லேசாக வளைந்தது. இன்றும் அதில் கோட்டு மாட்டுகிறோம், வசதியாக இருக்கிறது.

பாஸ்டரின் எண்ணைத் தாண்டிவிட்டானே என்று யாருக்கும் வருத்தமில்லை. அது பலமில்லை, பண்பு. கோச் அதே துண்டை வைத்து மற்றவர்களையும் சோதித்து எட்டுப் பேரைப் பொறுக்கிவிட்டார்.

சனிக்கிழமை போட்டி. நடு ஆற்றில் ஒரு படகில் என்னை உட்காரவைத்து, மடியில் மூடிய தட்டைக் கொடுத்தார்கள். விசில் ஊதியதும் மூடியைத் திறந்து, எங்கள் கரையைப் பார்த்துக் கத்தினேன்: "கடைசித் துண்டு! யாருக்கு வேணும்?"

எங்கள் எட்டுப் பேரும் ஒரே மூச்சாகப் பின்னால் பாய்ந்தார்கள். செயிண்ட் வென்ட்லின்காரர்களுக்கு அந்தக் கூச்சம் கிடையாது. கடைசித் துண்டு என்றால் கை தானாக நீளும். அவர்களுடைய மேயர் அலாய்ஸ் ஹென்னிங்தான் முன்னால் நின்றார். "எனக்கு!" என்று முன்னால் வந்தார். பின்னால் ஏழு பேரும் வந்தார்கள். எட்டுப் பேரும் தண்ணீரில். எங்கள் ஆட்கள் நிற்கவில்லை. சபைக் கட்டிடம் தாண்டி, தபால் ஆபீஸ் வாசலில்தான் கயிற்றை விட்டார்கள். அந்த இழுப்பில் ஆறே எங்கள் பக்கம் நாலடி நகர்ந்துவிட்டது. வரைபடத்தில் இன்னும் திருத்தவில்லை. நாங்களும் பெரிதுபடுத்தவில்லை.

அலாய்ஸ் என் படகைப் பிடித்துக்கொண்டு, தண்ணீரிலிருந்தே துண்டை எடுத்துத் தின்றார். அப்புறம் அக்கரையில் ஏறி, நாங்கள் எல்லோரும் பாலம் வழியாக வந்து கூடியதும், மென்றுகொண்டே சொன்னார்: "ஜெயிச்சுட்டீங்க. மீன் உங்களுக்குத்தான். எடுத்துக்கோங்க."

ஊர் சார்பாகப் பாஸ்டர் முறைப்படி பதில் சொன்னார். "அட, எங்களுக்கு எதுக்குங்க? உங்ககிட்டயே இருக்கட்டும்."

"நெஜமாவா? ரொம்ப தேங்க்ஸ் பாஸ்டர்!" என்று அலாய்ஸ் அவர் கையைக் குலுக்கிவிட்டு, தலையைத் துவட்டப் போனார்.

இரண்டாவது முறை கேட்பார் என்று காத்திருந்தோம். கேட்கவில்லை. வெயில் ஏறியது. யாரோ இருமினார்கள். மார்லிஸ் வாலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்புறம் எங்கள் ஊரில் யாரும் கேட்டிராத ஒரு வார்த்தையைக் கேட்டோம்.

"நான் எடுத்துக்கறேன்."

பாஸ்டரின் தொப்பி விழுந்தது. "மார்லிஸ், அவரு இன்னும் ரெண்டு தடவ கேக்கலையே..."

"அவரு கேக்குற வரைக்கும் நான் இருக்க மாட்டேன் பாஸ்டர். கோச், அந்தப் பட்டையக் குடு."

கோச்சுக்குப் பழக்க தோஷம். பட்டைக்கும் டிரெய்லருக்கும் நடுவில், போட்டிக்கும் தூக்கி வந்திருந்த பெட்டியையும் மாட்டிவிட்டார். மார்லிஸுக்கு அறுபத்தெட்டு வயது, என் தோள் உயரம்தான் இருப்பாள். மீனோடு டிரெய்லரை இழுத்துக்கொண்டு பாலத்தில் ஏறினாள். உதவ ஓடிய எட்டுப் பேரும் பக்கத்தில் சும்மா நடந்துதான் வந்தார்கள். கை வைத்தால் அவளுக்குத் தடையாக இருந்திருக்கும். மேட்டில் ஏறும்போது பெட்டி கீச்சிடுவதை நிறுத்திவிட்டு விசிலடித்தது.

கடை வாசலில் மீனைத் திருப்பி, ஜன்னலுக்கு நேராக அதன் முகத்தை வைத்தாள். லாரி விளக்குக் கண்களைத் தன் ஏப்ரனால் துடைத்தாள். "வா, உள்ள காபி இருக்கு" என்றாள். எங்களிடம் சொன்னாளா மீனிடம் சொன்னாளா என்று தெரியவில்லை. எதற்கும் இரண்டு முறை வேண்டாம் என்றோம்.

கோச் திரையைப் பார்த்தார். கண் விரிந்தது. கத்துவதற்கு வாயைத் திறந்தார். திறந்த வாயோடு எங்களைப் பார்த்தார், பாஸ்டரைப் பார்த்தார். திரையை அணைத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"சுமாராத்தான் வந்துருக்கு" என்றார்.

அன்றைக்கு அவரை எங்கள் ஊர்க்காரராகச் சேர்த்துக்கொண்டோம். நான் பின்னாலிருந்து எட்டிப் பார்த்ததால் அந்த எண் எனக்கும் தெரியும். கேட்காதீர்கள். பாஸ்டர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார்.