ஆறடிக்கு மூன்றடி

இந்த உலகத்தில் எனக்குப் பாத்தியப்பட்ட நிலம் ஆறடி நீளம், மூன்றடி அகலம். அம்பத்தூர்க் கல்லறைத் தோட்டத்தில், பின்சுவர் ஓரம். அதில் என் அம்மா லூர்தம்மாள் படுத்திருந்தாள். மேனாம்பேட்டில் நான் இருந்தது வாடகை வீடு. அங்கே தொட்டியில் ஒரு கொடி வைத்தேன். புழு பிடிக்கும் என்று சொல்லி வீட்டுக்காரர் அதன் வேரில் பினாயிலை ஊற்றிவிட்டார். விலங்கியல் டீச்சருக்கு நல்ல மரியாதை!

அந்தக் கொடி ஈஸ்வரமூலி. கறுப்பு இறக்கையும் ரத்தச் சிவப்பு உடம்புமாக ஒரு பட்டாம்பூச்சி உண்டு. அதன் புழு இந்தக் கசப்புக் கொடி வகையறாவைத் தவிர வேறெதையும் வாயில் வைக்காது. சட்டப்படி அதற்குப் புலிக்குச் சமமான பாதுகாப்பு. சட்டத்தை யார் படித்தார்கள்? எண்பத்தைந்துக்குப் பிறகு எங்கள் பக்கத்து வேலிகளெல்லாம் மனைகளாயின. புதரை வெட்டிக் கல் நட்டு, ஏதாவது ஒரு நகர் என்று பெயர் வைத்தார்கள். கொடி போயிற்று, பூச்சியும் போயிற்று. மூன்று வருஷம் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை.

எண்பத்தொன்பதில் வேப்பம்பட்டு ரயில் பாதையோரம் அந்தக் கொடியைக் கண்டேன். பூச்சியும் அங்கே பறந்துகொண்டிருந்தது. மூன்று வேர்களை ஈரத்துணியில் சுற்றி, மின்சார ரயிலில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்து, அம்மாவின் தலைமாட்டில் நட்டேன். தண்ணீர் ஊற்றியது கல்லறைக் காவல்காரர் வேம்புலி. எதற்கு என்று அவர் கேட்கவே இல்லை. இரண்டு வருஷத்தில் கொடி சிலுவையை மூடியது. தொண்ணூற்றொன்று ஐப்பசியில் ஒரு பெண் பூச்சி வந்து, இலை இலையாகத் தொட்டுப் பார்த்து முட்டை வைத்தது. நாற்பத்தாறு வயதில் நடுக் கல்லறையில் நின்று அழுதேன். பார்த்தவர்கள் அம்மாவுக்காக என்று நினைத்திருப்பார்கள்.

பத்தே நாளில் கல்லறைத் திருநாள். திருமழிசையில் லேத் ஓட்டுகிற என் தம்பி டேவிட் மண்வெட்டியும் சுண்ணாம்பு வாளியுமாக முதலிலேயே வந்துவிட்டான். நான் போய்ச் சேருவதற்குள் எல்லாவற்றையும் சிரைத்துப் போட்டிருந்தான்.

"இன்னாக்கா இது? அம்மா கல்லறைய அனாதைக் கல்லறை மாதிரி வச்சிகினு கீறே! பாக்குறவன் காறித் துப்ப மாட்டான்?"

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. 'அம்மா மேல் புழு வளர்க்கிறேன்' என்று எந்த மகள் சொல்லுவாள்? புழு என்பது வகுப்பில் நூறு தடவை சொன்ன சொல்தான். கல்லறையில், கூடப் பிறந்தவனிடம், அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

நல்லவேளை, வேர் தப்பியது. மறுவருஷ மழைக்கு முன்பே கொடி மறுபடி தழைத்து, பூச்சியும் வந்தது. அக்டோபரில் பதினேழு புழுக்கள். "டீச்சரம்மா, ஒம்போது கூடு கட்டிகிச்சு" என்று வேம்புலி பள்ளிக்கூட வாசலுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். இந்தத் தடவை விடக்கூடாது என்று டேவிட்டை வீட்டுக்கு வரவழைத்தேன்.

"டேவிட்டு, இனிமே அம்மா கல்லறையில ஒரு களை புடுங்கக் கூடாது. வருஷா வருஷம் உன்னோட இதே ரோதனையா கீது. இத்தோட முடிச்சுக்கலாம்."

"சரிக்கா. நீ கவலைய வுடு" என்றான். இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டானே என்று எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

மறுநாளே எனக்கு மெட்ராஸ் ஐ. எட்டு நாள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வீட்டிலேயே கிடந்தேன்.

நவம்பர் இரண்டாம் தேதி காலை, மெழுகுவத்தியும் சாமந்தியுமாகப் போனேன். அம்மா இருந்த இடத்தில் வெள்ளை டைல்ஸ். சுற்றிலும் நாலு பக்கமும் சிமெண்ட். தலைமாட்டில் கருங்கல்லில் அம்மாவின் பெயர். டேவிட் குளித்து, பவுடர் பூசி, முகமெல்லாம் சிரிப்பாக நின்றான்.

"களை புடுங்கக் கூடாதுன்னியே. இனிமே ஜென்மத்துக்கும் களையே வராதுக்கா! ஒரு வாரம் லீவு போட்டுட்டு நானே கூட நின்னு பண்ணேன்."

வேம்புலி என் முகத்தைப் பார்க்கவில்லை. "நான் சொன்னேம்மா, பூச்சி கீது, பாத்துப் பண்ணுங்கன்னு. அதுக்குத்தான் மொதல்ல பவுடரு மருந்து அடிச்சாரு."

எப்போதோ கூட்டைவிட்டுத் தப்பிய ஒரு பூச்சி, டைல்ஸ் மேல் இறங்குவதும் எழுவதுமாக இருந்தது. முட்டை வைக்க இலை தேடுகிறது.

"பாத்தியாக்கா, பட்டாம்பூச்சி! நம்ம அம்மாதான் வந்துகீது" என்றான் டேவிட். அவன் கண் கலங்கிவிட்டது.

பாவி! ஓங்கி அறைந்துவிடலாம் போல இருந்தது. ஆனால் அறை வாங்க வேண்டியவள் நான்தானே? ஒரு சொல்லைச் சொல்லக் கூசி ஒரு குடும்பத்தையே கொன்றவள் நான்.

கல்லில் அம்மாவின் பெயருக்குக் கீழே பாதி இடம் வெறுமையாக இருந்தது. "அது எதுக்குடா?"

"உனக்குத்தாங்க்கா" என்றான், குரலைத் தாழ்த்தி. "உனக்குன்னு வேற யாரு கீறா? அம்மா கூடவே இருந்துடு."

"அப்போ இந்த டைல்ஸப் பேக்கணுமே?"

"பேத்துத்தானே ஆவணும்."

"பேத்தா திரும்பப் போடாதே. வெறும் மண்ணா வுட்டுடு. அதுல இன்னா மொளைச்சாலும் கை வைக்காதே."

"நல்ல நாளும் அதுவுமா இன்னா பேச்சு இது!" என்று என் கையிலிருந்த மெழுகுவத்தியைப் பிடுங்கி ஏற்றினான்.

இது நடந்து ஆறு வருஷம் ஆகிறது. வேப்பம்பட்டுப் பாதையோரத்திலும் இப்போது மனைக்கல் நட்டுவிட்டார்கள். எனக்கோ சர்க்கரை இல்லை, ரத்தக்கொதிப்பு இல்லை. சாவு வருகிற பாடாகவே இல்லை.