எல்லம்மா கிணறும் நாற்பது கேன்களும்

நாகேந்திரன் பூந்தமல்லியில் தொலைத்த ஹெல்மெட் ஒன்பதாம் நாள் தானாகவே உருண்டு நூம்பலுக்கு வந்து சேர்ந்தது. வேலப்பன்சாவடி சிக்னலில் சிவப்பு விழுந்தபோது அது நின்று வந்ததைப் பார்த்தவர்கள் உண்டு. முந்தின நாள்தான் அவர் எல்லம்மாவின் கிணற்றுத் தண்ணீரை ஒரு சொம்பு குடித்திருந்தார். அதே மாதத்தில் ஒரு கம்மல், இரண்டு பென் டிரைவ், ஒரு குக்கர் விசில் எல்லாம் இப்படியே வீடு திரும்பின. யாரும் பெரிதாகப் பேசவில்லை. அப்போது தக்காளி விலைதான் ஊர்ப் பேச்சு.

கிணறு நூம்பலில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வளாகத்துக்குள் இருந்தது. நிலத்தை விற்றபோது கிணற்றை மட்டும் மூடக்கூடாது என்று எல்லம்மா கேட்டார். பில்டர் வாய்வார்த்தையாகச் சரியென்றார். அதை நம்பி மதிலோரம் நான்கு மாடுகள் வைத்து அறுபது வீடுகளுக்குப் பால் ஊற்றிவந்தார். இப்போது சங்கச் செயலாளர் ஹேமநாதன் கிணற்றை மூடிவிட்டு அங்கே எட்டு கார் நிறுத்தலாம் என்றார். கெட்ட மனிதர் இல்லை. அவருடைய கார் இரண்டு வருடமாகத் தெருவில் காய்கிறது. தண்ணீருக்கு மகிமை உண்டென்று நிரூபித்தால் விட்டுவிடுவதாகவும் சொன்னார்.

அந்த வேலையை மூன்றாவது மாடி கனிமொழி எடுத்துக்கொண்டாள். மருந்துச் சோதனைகளின் புள்ளிவிவரத்தை அலசுவது அவள் உத்தியோகம். "தண்ணி குடிக்காதவங்களுக்கும் சில சாமான் கிடைக்கத்தானேக்கா செய்யும்? அதையும் எண்ணணும்" என்று எல்லம்மாவிடம் சொன்னாள். பொருள் தொலைத்த நாற்பது பேரைப் பிடித்துச் சீட்டுக் குலுக்கினாள். இருபது பேருக்குக் கிணற்றுத் தண்ணீர், இருபது பேருக்கு லாரித் தண்ணீர். கேன்கள் ஒரே மாதிரி, மேலே எண் மட்டும். எதில் எது என்பது நிரப்பிய வாட்ச்மேன் ஜஸ்டினுக்குத்தான் தெரியும்.

பதினைந்து நாளில் கிணற்றுக்காரர்களில் பதினேழு பேருக்குப் பொருள் வந்தது. லாரிக்காரர்களில் பதினாறு பேருக்கு. இந்த வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடியது என்று கனிமொழியே எழுதிக் கையெழுத்திட்டாள். ஹேமநாதன் ஜேசிபிக்குத் தேதி குறித்தார். கிணறு போனால் மாடுகளுக்குத் தண்ணீரில்லை என்று எல்லம்மா மாட்டுத் தரகருக்குச் சொல்லியனுப்பினார்.

அந்தப் பதினாறு கனிமொழியை உறுத்திக்கொண்டே இருந்தது. பக்கத்து ஊரான அயனம்பாக்கத்தில் விசாரித்தாள். அங்கே தொலைத்த நாற்பது பேரில் ஐந்து பேருக்குத்தான் கிடைத்திருந்தது. லாரித் தண்ணீருக்கு ஏது இவ்வளவு சக்தி? கேன்களை எல்லம்மாவின் கொட்டகை முன்னால் வைத்துத்தான் கொடுத்தார்கள். அன்று என்ன நடந்தது என்று எல்லம்மாவிடம் கேட்டாள்.

"இன்னா நடந்துச்சு, ஒண்ணுமில்ல. வந்தாங்க, ஒரு சொம்பு தண்ணி குட்தேன், குட்சிட்டு கேன எடுத்துகினு போனாங்க."

"நாப்பது பேருக்குமாக்கா?"

"ஊடு தேடி வந்தவங்களத் தண்ணி குடுக்காம அனுப்பச் சொல்றியா?"

கனிமொழிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. தவறு தன்னுடையதுதான் என்று சங்கத்துக்கு எழுதிக்கொடுத்து மறுசோதனைக்கு அனுமதி வாங்கினாள். வேறு நாற்பது பேர். கல்யாண மோதிரத்தைத் தொலைத்த ஹேமநாதனும் அதில் ஒருவர். இந்த முறை கேன்கள் வாசல் கேட்டில் கொடுக்கப்பட்டன. பதினைந்து நாள் யாரும் கொட்டகைப் பக்கம் போகவில்லை. வருகிறவர் யாருமில்லாத அந்த நாட்கள் எல்லம்மாவுக்குக் காய்ச்சலில் படுத்த மாதிரி இருந்தன.

கிணற்றில் பதினெட்டு, லாரியில் மூன்று. கிணற்றுக்காரர்களில் பொருள் வராத இரண்டு பேரைக் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம் என்று சிலர் சொன்னார்கள், கனிமொழி மறுத்துவிட்டாள். தண்ணீரில் ஒன்றுமில்லை என்றால் இவ்வளவு வித்தியாசம் லட்சத்தில் ஒரு தடவைகூட வராது என்று எழுதினாள். அறுபது வீடும் எல்லம்மாவின் பாலைத்தான் குடித்தது. லாரிக்காரர்களுக்கு மூன்றே கிடைத்ததால், அவர் பாலில் தண்ணீர் கலப்பதில்லை என்பதும் கூடவே நிரூபணமாயிற்று.

ஹேமநாதன் அறிக்கையை இரண்டு முறை படித்துவிட்டு ஜேசிபியை வேண்டாமென்றார். அவருக்கு விழுந்தது லாரித் தண்ணீர். அன்று சாயங்காலம் கொட்டகைக்கு வந்து நின்றார். எல்லம்மா சொம்பை நீட்டினார்.

"இன்னொரு சொம்பும் குடி நைனா. மோதிரம் எந்த ஊர்ல கீதோ."

வியாழக்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு மோதிரம் கேட்டுக்கு வந்தது. ஜஸ்டின் விசிட்டர் நோட்டில் பதிந்தார். பெயர்: மோதிரம். யாரைப் பார்க்க: ஹேமநாதன், பி பிளாக். வெளியே போகும் நேரம் என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு, கேட்டைத் திறந்துவிட்டார்.