படிக்கட்டுக்குக் கவலைப்படுகிறவன்

எங்கள் துறைமுகத்து அதிகாரியான கப்பித்தான் வீட்டுக் கல் படிக்கட்டு தூணே இல்லாமல் சுருண்டு மேலே போனது. ஒவ்வொரு படியும் ஒரு முனையில் மட்டும் சுவரைக் கடித்துக்கொண்டு நின்றது. நடுவில் தாங்க ஒன்றும் இல்லாததால், அதைப் பற்றி யாராவது ஒருவர் எப்போதும் கவலைப்பட்டுக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. இத்தாலியிலிருந்து வந்த ஜொவான்னி மேஸ்திரி அப்படித்தான் கட்டிக் கொடுத்தார். கவலைப்படும் வேலை என்னுடையது.

ஒன்பது வருடம் யாரும் குறை சொல்ல இடம் வைக்காமல் செய்தேன். சுபாவத்திலேயே நான் பயந்தவன். இந்தச் சித்திரையில் என் மனைவி மதலேனாள் முழுகாமல் இருப்பதாகச் சொன்னாள். எங்களுக்கு இது முதல் பிள்ளை. அன்றே மேல்படி ஒரு விரற்கடை இறங்கிவிட்டது.

அதற்குப் பிறகு என்ன முயன்றும் சந்தோஷம் போகவில்லை. விரிசல்களை உற்றுப் பார்த்தால் சிரிப்பு வந்தது. ஆவணியில் கப்பித்தான் மகளுக்குக் கல்யாணம். நூறு பேர் மேல்மாடத்துக்கு ஏறுவார்கள். எனக்கோ பாட்டு முணுமுணுக்கத் தோன்றியது. இப்படி இருக்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

கல்யாணத்துக்கு முந்தைய நாள் மேஸ்திரியிடம் போனேன். அவர் சின்னச் சுத்தியலால் என் நெஞ்சில் தட்டி, காதை வைத்துக் கேட்டார். நல்ல கல் மணிபோல் ஒலிக்கும். நான் மணிபோல் ஒலித்தேன்.

“கெட்டுது குடி,” என்றார். “நாளைக்கு உன் பெஞ்சாதிய எல்லாருக்கும் முன்னால ஏறச் சொல்லு. கவலை தானா வரும்.”

“அது அவளப் பத்தின கவலையாயிடுமே, மேஸ்திரி.”

“கவலையில என்ன தினுசு? எந்தச் சுண்ணாம்பா இருந்தா என்ன, கல்லு பிடிச்சாச் சரி.”

கல்லைத் தவிர வேறெதையும் தட்டிப் பார்த்துப் பழகாதவர் அவர்.

மறுநாள் மதலேனாள் ஏழு மாத வயிற்றோடு, பன்னீர்ச் செம்பை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறினாள். முதல் படியிலேயே எனக்குக் கவலை வந்துவிட்டது. பதினான்காம் படியில் அவள் கால் தடுமாறியது. அந்த நேரத்தில் படிக்கட்டு என் நினைப்பிலேயே இல்லை. அது மொத்தமாகக் கீழே விழுந்தது. அவள் விழவில்லை. பன்னீரும் சிந்தவில்லை.

புழுதி அடங்கியதும் அந்தரத்தில் நின்றபடியே கேட்டாள்.

“ஏங்க, இன்னும் ஆறு படிதான் இருக்கு. ஏறிடட்டுமா?”

“பைய ஏறு,” என்றேன்.

ஏறினாள். மேல்மாடத்தில் அவள் கால் பதியும்வரை நான் மூச்சு விடவில்லை.

கப்பித்தான் விருந்தாளிகளோடு நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஏறப்போகிறவர்களின் பெயர்கள் எழுதிய தாளை என் கையில் கொடுத்து, வரிசையாக ஒவ்வொருவருக்காகவும் கவலைப்படச் சொன்னார்.

முதல் பெயர் அவருடையது. அவரைக் கண்டாலே எனக்கு ஆகாது.

அவர் வலது காலை எடுத்து வைத்தார்.